கியர்பாக்ஸ் கழற்றிய வண்டி உருண்டது பற்றி, ஹேண்ட்பிரேக் போட்டவள் எழுதிக் கொடுத்தது

பெயர் லின்சி. வயது 29. கணவர் பெயர் ஆஸ்டின். படிப்பு எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். தற்சமயம் வேலை இல்லை, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். விலாசம், மேட்டுத் தெரு, மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி. மேற்படி விலாசத்தில் திரு. பீமராவ் அவர்களின் வீட்டில் இடதுபக்கப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். வலதுபக்கம் அவரும் அவர் மனைவி திருமதி அனுசுயாவும் இருக்கிறார்கள். இரண்டு போர்ஷனுக்கும் வாசல் கேட் ஒன்றுதான்.

இன்று நான் காவல் நிலையத்துக்கு வந்தபோது தலைமைக் காவலர் திருமதி சுபஸ்ரீ அவர்கள், “படிச்சவங்கதானே, குழந்தையை வேற வச்சிருக்கீங்க, வீட்லயே எழுதி எடுத்துட்டு வாங்க. பேரு, வயசு, விலாசம் முதல்ல. அப்புறம் நடந்தது நடந்த வரிசைல. அழுகை, கோவம் எல்லாம் அதுல வேணாம்” என்று சொன்னதால் அவ்வாறே என் கையால் எழுதுகிறேன். குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுவதால் அடித்தல் திருத்தல் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

வரிசையாக எழுதும் முன் ஒன்றை மட்டும் முன்னால் எழுதிவிடுகிறேன். ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் பிக்கப் வண்டி உருண்டு வீட்டுக்காரர் பீமராவ் மாமாவின் கால் முறிந்தது சம்பந்தமாக, என் கணவர் தங்களிடம், “ஹேண்ட்பிரேக் போட்டது நான், சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுக்கச் சொன்னதும் நான்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது நடந்ததல்ல. அந்தச் சமயத்தில் அவர் தெருவிலேயே இல்லை. போட்டது நான். எடுக்கச் சொன்னதும் நான். அவர் ஏன் அப்படி எழுதினார் என்றால், அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கு நான் தேர்வாகியிருக்கிறேன். சான்றிதழ் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். காவல்துறையின் நன்னடத்தை அறிக்கை மட்டும் பாக்கி. என் பெயரில் ஒரு வழக்கு ஏறினால் பணி நியமன உத்தரவு வராது என்று அவர் பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இனி வரிசையாக எழுதுகிறேன்.

என் கணவர் துவாக்குடியில் ஒரு சிறு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கிறார். அடுத்தவர் செய்த உதிரிபாகத்தை அளந்து பார்த்து, சரியில்லை என்று திருப்பி அனுப்புவது அவருடைய வேலை. ஆகவே எதையும் அடுத்தவர் கையில் நம்பிக் கொடுக்கமாட்டார். மருங்காபுரிப் பக்கம் என் மாமனார் அமிர்தசாமி அவர்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது, அதில் மாங்கன்று வைத்திருக்கிறோம். தண்ணீர் டிரம் ஏற்றிக்கொண்டு ஓடை மணலில் போனால் சாதாரண வண்டி புதைகிறது என்பதால், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து என் கணவர் வாங்கினார். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாம் அவர் பெயரில் நடப்பில் இருக்கிறது.

மேற்படி வண்டி கொஞ்ச காலமாக மூன்றாவது கியரில் நிற்காமல் கழன்று விழுந்தது. ஆயிலை இறக்கிப் பார்த்தபோது அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. கியர்பாக்ஸை மாற்றியே ஆக வேண்டும் என்றார். நான் ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னேன். அதற்கு அவர், “ஒர்க்‌ஷாப்ல விட்டா கழட்டுன போல்ட்ல பாதியைத்தான் திருப்பி மாட்டுவான். நாமளே பண்ணிக்கலாம் லின்சி. ஒரு ஞாயித்துக்கெழமை வேலை” என்று சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வராமல் வண்டிக்கடியில் படுத்தார். வேலை ஆரம்பித்தது பங்குனி மாதத்தில் என்பதை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அதன் பிறகு நடந்தவை விசாரணைக்குத் தேவையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வண்டி ஏன் அத்தனை நாள் வாசலில் நின்றது என்று வீட்டுக்காரர் மகன் தன் புகாரில் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். போர்ட்டிகோ உத்திரத்தில் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியை மாட்டி கியர்பாக்ஸை இறக்கப் பார்த்தார். பீமராவ் மாமா வந்து, “ஏன்டாப்பா ஆஸ்டின், இது வீட்டைத் தாங்கறதுக்குப் போட்ட உத்தரம், லாரியைத் தூக்கறதுக்கில்லே” என்று சொல்லி அதை அவிழ்க்கச் செய்தார். பிறகு வாடகைக்கு ஜாக்கி எடுத்து வந்து, இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு இறக்கினார். மழை வந்தால் நனையும் என்று அதை எங்கள் ஹாலுக்குள் கொண்டுவந்து பழைய போர்வை மேல் வைத்தார்கள். போல்ட்டுகள் கலந்துவிடக் கூடாது என்று என் இட்லித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு வகையாகப் பிரித்துப் போட்டார். அன்றிலிருந்து வீட்டில் தோசைதான். அந்தத் தோசையிலும் கியர் ஆயில் வாசம் வந்தது.

அதன் பிறகு பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கியர்பாக்ஸ் வாங்கி வந்தார். அதன் தண்டில் இருந்த பற்கள் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையவில்லை. அளந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதை வாங்கும்போது அளக்கவில்லை. “பார்த்தா ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு” என்றார். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றதால் இன்னொன்று தேடி அலைந்தார். இடையில் ஹாலில் கியர்பாக்ஸ் இரண்டாகிவிட்டது. எங்கள் மகள் ஜோவிட்டா நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள், ஒன்றைப் பிடித்து எழுந்து மற்றொன்றுக்குப் போவாள். அவளுடைய உள்ளங்கைக் கறை சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மூன்றாவதாகக் கொண்டுவந்தது பொருந்தியது. ஆனால் அதன் பின்பக்கம் ஆயில் கசிந்ததால், சீல் என்கிற ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டுத்தான் ஏற்றுவேன் என்று அதையும் ஹாலிலேயே பிரித்து வைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் என் நன்னடத்தை விசாரணைக்காகத் தங்கள் நிலையத்திலிருந்து ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். வாசலில் எஞ்சினுக்குப் பின்னால் வயிறு காலியாக நின்ற வண்டியையும், ஹாலில் கிடந்ததையும் பார்த்துவிட்டு, “வீட்ல ஒர்க்‌ஷாப் ஏதும் நடத்துறீங்களாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டு, “சரி, அக்கம்பக்கத்துல விசாரிக்க இன்னொரு நாள் வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை என் கணவரிடம், எனக்கு உத்தரவு வருவதற்குள் வாசலைக் காலி செய்து கொடுங்கள், இது ஒன்றுதான் உங்களிடம் கேட்கிறேன் என்று சொன்னேன். திருவிழாவுக்குள் ஏற்றிவிடுகிறேன் என்றார்.

திருவிழா என்பது எங்கள் தெரு முனையில் உள்ள சிறிய மாரியம்மன் கோயில் திருவிழா. ஆடிக் கடைசி வெள்ளியன்று சப்பரம் தெருத்தெருவாக வரும். எங்கள் தெரு குறுகலானது. சப்பரம் நுழைந்தால் இரண்டு பக்கமும் ஆள் ஒதுங்கத்தான் இடம் இருக்கும். அதனால் அன்று யாரும் வாசலில் வண்டி நிறுத்துவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு நிற்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும், சப்பரம் வரும்போது நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். முன் வருடங்களில் என் கணவர் வண்டியை முதல் நாளே கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடுவார்.

எங்கள் வீடு, காவிரியில் தண்ணீர் அதிகம் வந்தால் தெருவில் நிற்கும் என்று உயர்த்திக் கட்டிய வீடு. கேட்டிலிருந்து தெரு வரை இறங்கும் சாய்தளம் செங்குத்தானது. வண்டி முகம் உள்ளே, பின்பக்கம் தெருவைப் பார்க்க, அந்தச் சாய்தளத்தில்தான் நின்றது. பின்சக்கரம் இரண்டுக்கும் பின்னால் கருங்கல் அண்டை கொடுத்திருந்தது. வண்டியின் வால் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

மேற்படி வெள்ளிக்கிழமை என் கணவர் லீவு போட்டிருந்தார். ஒரே ஒரு ஆயில் சீல் வாங்க வேண்டும், அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று மதியம் சாப்பிட்டதும் பைக்கில் காந்தி மார்க்கெட் பக்கம் உள்ள பேரிங் கடைக்குப் போனார். வெயில் தாழ்ந்த பிறகும் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. அதற்குள் கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, சப்பரம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது, வண்டியின் வால் இடிக்கும், உடனே நகர்த்துங்கள் என்றார்கள். நகராது, உள்ளே கியர்பாக்ஸ் இல்லை என்றேன். அவர்களில் ஒருவர், “கியர்பாக்ஸ் இல்லாட்டி என்னம்மா, சக்கரம் இருக்குல்ல?” என்றார்.

அதன் பிறகு எதிர்வீட்டில் இருக்கும், செல்போன் கடை வைத்திருக்கும் ஹாலித் என்பவர் வந்தார். “அக்கா, ரெண்டடி உள்ள தள்ளிட்டா போதும். நீங்க ஏறி உக்காந்து ஸ்டியரிங்கை நேராப் புடிங்க, பிரேக்ல கால் வச்சுக்குங்க. நாங்க தள்ளுறோம்” என்றார். குழந்தையை ஹாலித்தின் மனைவியிடம் கொடுத்துவிட்டு நான் வண்டியில் ஏறினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் இருக்கிறது. இந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. ஹாலித்தும் தெருப் பையன்கள் சிலரும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி சாய்தளத்தில் மேலே ஏறியது. பீமராவ் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டி ஏற ஏறக் கற்களைச் சக்கரத்தோடு நகர்த்திக்கொண்டே வந்தார். அவரை ஒதுங்கச் சொன்னேன். “நீ முன்னாலே பாரும்மா” என்றார். வால் உள்ளே போனதும் நான் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வண்டி நின்றது. கற்களை அண்டை கொடுத்தார்கள்.

அதன் பிறகு நான் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். யாரும் போடச் சொல்லவில்லை. சாய்வில் வண்டி நின்றால் ஹேண்ட்பிரேக் போட வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தது கைப்பழக்கமாகிவிட்டது. லீவர் லேசாக, எந்த இறுக்கமும் இல்லாமல் மேலே வந்தது. அதை நான் கவனித்தேன். இத்தனை மாதம் வண்டிக்கடியிலேயே கிடந்தவர் இதையாவது சரி செய்திருக்கிறாரே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இறங்கியதும் குழந்தை என்னிடம் தாவினாள். வாங்கிக்கொண்டேன். அனுசுயா மாமி வாசலைக் கழுவிவிட்டு, சாய்தளத்தின் அடியில் அவசர அவசரமாகக் கோலம் போட்டுவிட்டு உள்ளே தட்டு எடுக்கப் போனார். கற்கள் இரண்டும் கோலத்தை ஒட்டி, சேறும் ஆயிலுமாகக் கிடந்தன. மேளச் சத்தம் திருப்பத்தில் கேட்டது. பீமராவ் மாமா என்னைப் பார்த்து, “ஏம்மா லின்சி, அம்பாள் வர்ற எடத்துல இந்தக் கல்லு இப்படிக் கெடக்கறதே, எடுத்துடலாமா?” என்று கேட்டார். அதற்கு நான், “ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன் மாமா, எடுத்துடுங்க” என்று சொன்னேன். இந்த வாக்குமூலத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இந்த வார்த்தைகளைச் சொன்னது நான். என் கணவர் அல்ல, வேறு யாரும் அல்ல.

அவர் முதலில் இடதுபக்கக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். வண்டி அசையவில்லை. ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கிறது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். இன்னொரு கல்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதன் பிறகு வலதுபக்கக் கல்லை எடுக்கக் குனிந்தார். அது இறுகியிருந்ததால் தெருப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். கல் வந்தது. வண்டியும் வந்தது. கத்துவதற்குள் பின்சக்கரம் அவருடைய வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கிவிட்டது. வண்டி தெருவைத் தாண்டி ஹாலித் வீட்டு மதிலில் மோதி நின்றது. அந்த இடத்தில் அதுவரை தெருக் குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள். சப்பரம் பார்க்கத் திருப்பத்துக்கு ஓடியிருந்ததால் அப்போது யாரும் இல்லை.

மேளம் நின்றுவிட்டது. சப்பரத்தைத் திருப்பத்திலிருந்தே வேறு வழியாகக் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பீமராவ் மாமா கத்தவில்லை. அனுசுயா மாமி தட்டோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, தட்டைக் கீழே போடாமல் படியில் பத்திரமாக வைத்தார். வைத்துவிட்டுத்தான் ஓடி வந்தார். ஹாலித் தன் காரை எடுத்து வந்து, பின்சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர்கள் போன பிறகு என் போன் அடித்தது. என் கணவர். எடுத்தவுடன் அவர் சொன்னது, “லின்சி, சீல் கெடச்சிடுச்சு” என்பது.

ஆஸ்பத்திரியில் வலது கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். இரவில் என் கணவர் நேராக அங்கே வந்தார். வராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். ஹேண்ட்பிரேக் போட்டும் உருண்டது என்றேன். அவர் முகம் மாறியது. “ஹேண்ட்பிரேக் எப்படிப் பிடிக்கும்? அது ஹால்லதானே கெடக்கு?” என்றார். எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் விளக்கினார். நான் ஓட்டும் கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். இந்த வண்டியில் அப்படி இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் கடைசியில் வட்டமாக ஒரு டிரம். ஹேண்ட்பிரேக் அந்த டிரம்மைத்தான் பிடிக்கும். கியர்பாக்ஸைக் கழற்றியபோது அந்தப் பெட்டியும் டிரம்மும் சேர்ந்தே கழன்று வந்துவிட்டன. வண்டிக்குள் மிச்சம் இருந்தது வெறும் லீவர். அந்த டிரம் எங்கள் ஹாலில் ஜன்னலோரம் இருந்தது. வெயில் படுகிறதே என்று அதன் மேல்தான் நான் குழந்தையின் ஈர ஜட்டிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்லலையா? சொன்ன மாதிரி இருக்கே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே லின்சி.”

“எல்லாருக்கும்னா யாருக்கு? மாமாவுக்கா, ஹாலித்துக்கா, ஜோவிட்டாவுக்கா?”

இத்தனை மாதத்தில் எந்த போல்ட் எந்தக் குழியில் இருக்கிறது என்பது வரை அவர் என்னிடம் சொன்னார். அந்த விஷயங்கள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு வரி. கல்லை எடுக்காதே, வேறு எதுவும் வண்டியைப் பிடிக்காது என்ற அந்த ஒரு வரியை மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் பெங்களூரில் இருந்து மாமாவின் மகன் குருராஜ் வந்தார். அன்றே தங்களிடம் புகார் கொடுத்தார். அவர் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. என் அப்பாவுக்கு நடந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன். அன்று மாலை என் கணவர் நிலையத்துக்கு வந்து, எல்லாம் தானே செய்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட்டதற்கு, “உனக்கு உத்தரவு வரட்டும். கேஸ் இருந்தா டீச்சராச் சேக்கமாட்டான். எனக்கென்ன, துவாக்குடியில கேஸு இருந்தாலும் கேஜைக் கையில குடுத்து அளடான்னுதான் சொல்லுவான்” என்றார். அவர் சிரிக்க முயற்சி செய்தார். நான் சிரிக்கவில்லை. இந்த வேலைக்காக நான் கர்ப்பமாக இருந்தபோது படித்தேன், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார் என்பதால் அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு பாலக்கரையில் இருக்கும் என் அண்ணன் டோமினிக் வந்தார். “மாப்பிள்ளையே எழுதிக் குடுத்துட்டாரு. வண்டி அவரு வண்டி. கழட்டிப் போட்டதும் அவரு. நீ ஏன் குறுக்க போற? வாயைத் தொறக்காம இரு, அது போதும்” என்றார். ஹாலித் வந்து, “அக்கா, நான் வண்டிக்குப் பக்கத்துலதான் நின்னேன். யாரு என்ன சொன்னாங்கன்னு மேளச் சத்தத்துல கேக்கலைன்னு சொல்லிடறேன். பசங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார். அவருடைய மதில் இடிந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எல்லோரும் எனக்கு நல்லது செய்யவே நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹாலித்தை விசாரிக்கும்போது என் வாக்குமூலத்தைக் காட்டிவிட்டுக் கேட்டால், நடந்ததை அப்படியே சொல்வார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். குருராஜ் மருந்து வாங்கப் போயிருந்தார். அனுசுயா மாமி என்னை உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மாமாவின் காலைப் பார்த்தபடி, “ஆஸ்டின் சொல்லித்தான் எடுத்தார்னு போலீஸ்ல எழுதிண்டிருக்காளாமே?” என்று கேட்டார். “நான் உள்ளே தட்டு எடுத்துண்டிருந்தேன். எனக்குக் கேட்டுது. உன் கொரல்தான்” என்றார். அதன் பிறகு, “இவர் இத்தனை வருஷத்துல ஒருத்தர் பேச்சைக் கேட்டதில்லேடி. நான் சொன்னாக் கேக்கமாட்டார், பிள்ளை சொன்னாக் கேக்கமாட்டார். நீ படிச்ச பொண்ணு, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு கேட்டார்” என்றார். நீ போய்ச் சொல் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கொண்டுபோன பழத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஜோவிட்டா சாப்பிட்டாளா என்று கேட்டார்.

அங்கிருந்து நேராகத் தங்கள் நிலையத்துக்கு வந்துதான் தலைமைக் காவலர் அவர்களிடம் நான் எழுதித்தர விரும்புவதாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். “பைத்தியமா உனக்கு? நான் குடுத்தது என்ன ஆவுறது?” என்று கேட்டார். பொய்யாகப் போகும் என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார்.

என் கணவர் பேரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்க எதுவும் இல்லாத வண்டியைச் சாய்வில், பொது இடத்துக்கு வாலை நீட்டி, இரண்டு கல்லை நம்பி நிறுத்தி வைத்தது அவர் செய்த தவறு. திருவிழா நாளில் போனை எடுக்காமல் இருந்தது தவறு. சொல்ல வேண்டியதைச் சொல்லாதது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. அதற்கு அவர் பதில் சொல்லட்டும். அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான், தெரிந்தவள்போல எடுத்துடுங்க என்று சொன்னது என் தவறு. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கல் அங்கேயே இருந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதையும் சேர்த்து அவர் கணக்கில் எழுத வேண்டாம். பீமராவ் மாமா பேரில் எந்தத் தவறும் இல்லை. அவர் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

என் நன்னடத்தை பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க மறுபடி வருவதாகச் சொன்ன காவலர் இன்னும் வரவில்லை. அவர் வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கே தெரியும். ஆகையால் அவர் யாரையும் கேட்பதற்கு முன்னால் இந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, அதன் பிறகு என் நடத்தையைப் பற்றி எழுத வேண்டியதை எழுதட்டும்.

இதில் எழுதியிருப்பது முழுக்க நானே பார்த்ததும், செய்ததும், என் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. எழுதாதே என்று சொன்னவர்கள் உண்டு, மிரட்டியவர் யாரும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
லின்சி
க/பெ. ஆஸ்டின்